டீயில் ஊற்றிய இரும்பு மருந்து

என் மனைவிக்கு டாக்டரம்மா கொடுத்த மருந்தை வீணாக்கியவன் நான்தான். தெரியாமல் அல்ல... தெரிந்தே!

முகம் சுளிக்கிறீர்களா? சுளித்துக்கொள்ளுங்கள். முழுதும் கேட்டுவிட்டுத் திட்டுங்கள்.

ஆம்பூரில் தோல் பதனிடும் இடத்தில் நான் மேஸ்திரி. ஆவாரம்பட்டை ஊறும் தொட்டிகள் என் பொறுப்பு. அந்தத் தண்ணீரில் ஓர் இரும்பு ஆணி விழுந்தாலும் போச்சு! மையாகக் கறுத்துத் தோலெல்லாம் கறையாகிவிடும். பட்டையின் துவர்ப்பு இரும்பைப் பிடித்துக்கொண்டால் பிறகு விடாது. இரும்பு வாளியோடு வந்த ஆளை அறைந்தே இருக்கிறேன்.

முனியம்மாவுக்கு அப்போது ஆறாம் மாதம். வெளுத்துப்போய், நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கினாள். வேலூர் டாக்டரம்மா ஈரலும் கீரையும் தின்னச் சொல்லி, இரும்பு மருந்தும் கொடுத்தார். "எலுமிச்சம்பழச் சாறோட குடுப்பா. டீயோட மட்டும் குடுக்காதே" என்றார்.

குடித்த உடனே முனியம்மா வாந்தி எடுத்தாள். மூன்று நாளும் அதே கதை. முதலாளி வீட்டில் வேலைக்குப் போய்ப் பழகிய டீ என்றால் அவளுக்கு உயிர். "டீல ஊத்திக் குடுய்யா, குடிச்சிட்றேன்" என்றாள். ஊற்றினேன். டீ கன்னங்கரேலென்று ஆனது!

தொட்டியில் பார்த்த அந்தக் கறுப்பு எனக்கா தெரியாது? டீயிலும் அதே துவர்ப்புதான். ஆனால் அவள் வாந்தி எடுக்காமல் குடித்துவிட்டுச் சிரித்தாளே... இரண்டு மாதம் அப்படியே கொடுத்தேன். நீங்களாக இருந்தால் பிடுங்கிக் கொட்டியிருப்பீர்களோ?

மறுபடி வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா அவள் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். "ரத்தமே ஊறலியே! டீயோட குடுத்தியா?"

"இல்லீங்கம்மா" என்றேன். பத்துப் பேர் எதிரில் புத்திகெட்டவனாக நிற்க எனக்கு மனமில்லை. முனியம்மாவும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அன்றைக்கு உண்மையைச் சொல்லியிருந்தால் இன்னும் ஒரு மாதம் கையில் இருந்தது...

பிரசவத்தில் போன ரத்தத்தை அவள் உடம்பு தாங்கவில்லை. பெண் குழந்தை மட்டும் பிழைத்தது. "மேஸ்திரி ஒரு நாள் விடாம மருந்து குடுத்தாரு, மருந்துதான் சரியில்ல" என்று தெருவே பேசியது. நான் மறுக்கவில்லை. அதற்காக உங்கள் முன் மார்பில் அடித்துக்கொண்டு அழவேண்டுமா? மாட்டேன்!

அந்தக் குழந்தைக்கு இப்போது பதினெட்டு வயது. ஏழு மாதக் கர்ப்பிணி. தாயின் அதே வெளுப்பு. போன வாரம் மருந்துப் புட்டியைத் தள்ளிவைத்துவிட்டாள்.

"எங்கம்மாவைக் காப்பாத்தாத மருந்து எனக்கு இன்னாத்துக்கு நைனா?"

உண்மையைச் சொன்னால் குடித்துவிடுவாள். பிறகு என் முகத்தில் விழிக்கமாட்டாள். உங்களிடம் சொல்லிவிட்டேன்... அவளிடம் இன்னும் சொல்லவில்லை.