கரைக்குக் கேட்காமல் போன மிச்சம்

செல்வமேரியின் பேச்சைப் பாதியில் அறுத்தவன் நான்தான். அவர் பேசிக்கொண்டிருந்தபோது ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்கினேன். கால் தட்டிக் கழன்றுவிட்டது என்று பல வருடம் எனக்கே சொல்லிப் பார்த்தேன், ஒட்டவில்லை. கையால் பிடித்துத்தான் இழுத்தேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பழைய நாட்களின் இனிப்பில் நீங்களும் நானும் இதை மறந்துவிடுவோம்.

இப்போது இது நினைவுக்கு வரக் காரணம் ஒரு வெங்காய வண்டி. எங்கள் தெருவுக்குத் தினமும் வரும். கூரையில் ஒரு சின்னக் குழாய் ஒலிபெருக்கி, அதில் பதிவுசெய்த குரல். ஒரு நாள் பள்ளத்தில் வண்டி குலுங்கியதும் குரல் பாதியில் நின்றது. “அம்மா வாங்க, அய்யா வா…” அவ்வளவுதான். ஓட்டுநர் ஏதோ தட்டினார், மறுபடி பேசியது. இடையில் இருந்த அந்த மௌனத்தில், ஆம்ப்ளிஃபயர் சூடேறினால் வருகிற தூசி வாசம் என் மூக்கில் ஏறியது. வண்டியில் ஆம்ப்ளிஃபயரும் இல்லை, தூசியும் இல்லை. மூக்குக்கு அதெல்லாம் தெரிவதில்லை.

அந்த வாசம் எங்கள் படிப்பகத்துடையது. தொண்டிக்குத் தெற்கே, கடலைப் பார்த்த ஒற்றை அறை. செங்கொடி, இரண்டு அலமாரி புத்தகம், கால் ஆடுகிற பெஞ்சுகள். நான் பக்கத்துப் பள்ளியில் வரலாற்று ஆசிரியர், படிப்பகத்துக்குச் செயலாளர். ஞாயிறு சாயங்காலம் யாராவது பேசுவார்கள். மதுரையிலிருந்து பேராசிரியர்கள் வருவார்கள். மே மாதத்தில் நாடகமும் பாட்டும் உண்டு. அந்த நாடகங்களில் முதலாளி வேடத்துக்கு ஆள் கிடைக்காது. தொப்பை இருந்த ஒரே குற்றத்துக்காக அது எப்போதும் என் தலையில் விழும்.

அறைக்குள் வந்து உட்காருகிறவர்கள் கொஞ்சம்தான். எங்கள் உண்மையான சபை வெளியே இருந்தது. கூரைமேல் இருந்த குழாயை ஊர்ப்பக்கம் திருப்பாமல் கரைப்பக்கம் திருப்பி வைத்திருந்தோம். வலை பின்னுகிறவர்கள், மீன் பிரிக்கிற பெண்கள், எதிரே டீக்கடையில் இருப்பவர்கள் எல்லாரும் வேலையை விடாமல் கேட்பார்கள். அறைக்குள் கால் வைக்க ஆயிரம் தயக்கம் இருக்கும். கரையில் உட்கார்ந்து கேட்க எவருடைய அனுமதியும் வேண்டாம். பேச்சு நன்றாக இல்லையென்றால் அங்கிருந்தே தீர்ப்பு வரும். ஒரு பேராசிரியர் உபரி மதிப்பை விளக்கி முடிக்கவே இல்லை. மீன் பிரித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து நின்று, “வாத்தியாரே, அந்த மைக்க ஏலத்துக்காச்சும் குடுங்க, நண்டாவது விக்கும்” என்றார். பேராசிரியர் சிரித்துவிட்டார். நல்ல மனிதர், அதன்பிறகும் வந்தார், சுருக்கமாகப் பேசினார்.

பாங்கு சொல்லும்போதும் மாதா கோயில் மணி அடிக்கும்போதும் பேச்சை நிறுத்திவிடுவோம். கடவுள் இல்லை என்று கையை ஓங்கிய ஒருவர், பாங்கு முடியும் வரை ஓங்கிய கையோடு நின்றிருந்ததைப் பார்த்திருக்கிறேன். இந்த இரண்டு ஓசைகளைத் தவிர வேறு எதற்காகவும் பேசுகிறவரை நிறுத்தக்கூடாது என்பது படிப்பகத்தின் விதி. மறுப்பு இருந்தால் பிறகு எழுந்து பேசலாம். அந்த விதியைச் சுவரில் சிவப்புச் சாயத்தில் எழுதியவன் நான். என் கையெழுத்து அப்போது அழகாக இருந்தது.

மைக்செட் காதருடையது. கல்யாண வீடுகளுக்கு வாடகைக்கு விடுகிற செட்டை எங்களுக்கு சும்மா கொடுப்பார். சாயங்காலத் தொழுகைக்குக் கிளம்பும்போது, “தோழரே, பாத்துக்கங்க, வாரேன்” என்று செட்டை என்னிடம் விட்டுவிட்டுப் போவார்.

மின்சாரம் சவரிமுத்துவுடையது. ஊரில் முதலில் விசைப்படகு, கரையில் சொல்வதுபோல ‘போட்டு’, வாங்கியவர் அவர். அவருடைய கொட்டகையிலிருந்துதான் எங்களுக்கு லைன் இழுத்திருந்தோம். முதலாளிகளை ஒழிப்பது பற்றிய பேச்செல்லாம் ஒரு முதலாளியின் கரண்டில்தான் ஒலித்தது. அவருக்கு அதில் வருத்தமில்லை. டீக்கடை வாசலில், குழாய்க்கு நேராக ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார். உள்ளே வரச்சொல்லி அழைத்தால், “உள்ள வந்தா என்னயத் தாக்கிப் பேச ஒங்களுக்குக் கூச்சமா இருக்கும் சார். இங்கன இருக்கேன்” என்பார்.

அவருடைய தங்கைதான் செல்வமேரி. நாட்டுப்படகுக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவர். படிப்பகத்தின் மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்று, பிறகு அந்த வகுப்பையே நடத்தியவர். ஒரு நாள் சவரிமுத்துவின் படகு, தங்கை வீட்டு வலைமேல் ஏறி அதை அறுத்துக்கொண்டு போய்விட்டது. படகில் அவர் இல்லை; ஓட்டியவன் கவனிக்கவில்லை. ஆனாலும் வார்த்தை தடித்தது. ஒரே தெருவில் இருந்துகொண்டு அண்ணனும் தங்கையும் பேச்சை விட்டார்கள். அந்தச் சமயத்தில்தான் செல்வமேரியின் மகள் சகாயராணிக்குக் கல்யாணம் நிச்சயமானது. எங்கள் பக்கம் தாய்மாமன் மாலை போட்டுத்தான் பெண் கோயிலுக்குக் கிளம்பும். மாமன் வருவாரா என்பதுதான் தெரு முழுக்கப் பேச்சு.

செல்வமேரி என்னிடம் வந்து, அடுத்த ஞாயிறு தான் பேசப்போவதாகச் சொன்னார். எதைப் பற்றி என்று கேட்டேன். வலையைப் பற்றி என்றார். படிப்பகத்தில் பேசப்போகிற முதல் பெண். எனக்கு ஒரே பெருமை. மூன்று ஊருக்குச் சொல்லி அனுப்பினேன்.

அன்று காதர் தொழுகைக்குப் போனபிறகு செல்வமேரி மைக் முன் வந்தார். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். சவரிமுத்து ஸ்டூலில் இருப்பது சன்னல் வழியாகத் தெரிந்தது. எந்த முன்னுரையும் இல்லாமல் செல்வமேரி ஆரம்பித்தார்:

“எங்கண்ணன் போட்டு எங்க வலைய அறுத்துப்போட்டுருச்சு. ஊருக்கே தெரியும்.”

இனி வசவுதான் வரும், சவரிமுத்து எழுந்து போய் லைனைப் பிடுங்குவார், படிப்பகம் இருளும் என்று தோன்றியது. யோசித்தேன் என்று சொன்னால் பொய். கை போய்விட்டது. குழாய்க்குப் போகிற ஒயரைப் பிடுங்கினேன். அறைக்குள் தனியாக ஒரு சின்னப் பெட்டி இருந்ததால் உள்ளே குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. கரைக்கு மட்டும் கேட்கவில்லை. அது செல்வமேரிக்குத் தெரியாது. சன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

“அறுத்தது போட்டு. எங்கண்ணன் இல்ல. வலைய முடிஞ்சுக்கிறலாம். மாமன் இல்லாம எம்மக எப்பிடிக் கோயிலுக்குப் போவா? நான் ஒன் வீட்டு வாசலுக்கு வந்தா நீ மூஞ்சியத் திருப்பிக்கிருவ. அதான் இங்கன நின்னு பேசுறேன், நீ கேட்டுத்தான ஆகணும். அண்ணே, வீட்டுக்கு வா. சோறு ஆக்கி வச்சிருக்கேன்.”

ஒயர் என் காலடியில் கிடந்தது. குனிந்து மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? ஆனால் மாட்டினால் குழாய் ‘டொப்’ என்று சத்தம் போடும். எல்லாரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். அந்த ஒரு ‘டொப்’புக்குப் பயந்து நான் அசையாமல் இருந்தேன். சன்னலில் பார்த்தேன். சவரிமுத்து கொஞ்ச நேரம் குழாயை அண்ணாந்து பார்த்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

காதர் திரும்பி வந்து ஒயரை மாட்டினார். கரை அடுத்துக் கேட்டது என் நன்றியுரையை. இந்தக் கடற்கரையில் முதன்முதலாக ஒரு பெண்ணின் குரல் தடையின்றி ஒலித்தது என்று பேசினேன். அந்தச் சொற்கள் அப்படியே எனக்கு நினைவிருக்கின்றன. மறக்கக் கொடுத்துவைக்கவில்லை.

உள்ளே இருந்தவர்கள் ஓடிப்போய் சவரிமுத்துவிடம் நடந்ததைச் சொல்லாமல் இல்லை. தங்கை திட்டவில்லை, அழைத்தாள் என்று சொன்னார்கள். அவர் நம்பினார், அதுதான் வினையாகப் போனது. “வஞ்சது ஊருக்கே கேக்கணும், கூப்புட்டது மட்டும் நாலு சுவத்துக்குள்ள இருக்கணுமாக்கும். மைக்க அமத்திட்டுக் கூப்புடுறவ வீட்டுக்கு எவன் போவான்” என்று கேட்டாராம். அவர் பக்கம் நின்று பார்த்தால் அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தெரிந்தவன் ஒருவன்தான். அவன் வாயைத் திறக்கவில்லை.

பழி உப்புக்காற்றின் மேலும் காதரின் ஒயர்மேலும் விழுந்தது. காதர் ஒயரைத் தூக்கிக் காட்டி, “அல்லா மேல ஆணையா இது புது ஒயரு” என்று டீக்கடையில் எல்லாரிடமும் வாதாடினார். நான் பக்கத்தில் நின்று டீ குடித்தேன்.

சகாயராணியின் கல்யாணத்தில் செல்வமேரிக்கு அண்ணன் முறையான தூரத்துச் சொந்தம் ஒருவர் மாலை போட்டார். பெண் மாலையைப் பார்க்கவில்லை, தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். செயலாளர் என்று என்னை முதல் பந்தியில் உட்கார வைத்தார்கள். சாப்பிட்டேன். சவரிமுத்து அதன்பிறகு டீக்கடை வாசலுக்கு வரவில்லை. படிப்பகத்தின் விளக்கு மட்டும் எப்போதும்போல எரிந்துகொண்டிருந்தது.

பிறகு எனக்கு அபிராமத்துக்கு மாற்றல் வந்தது. தப்பித்தவன்போலப் பெட்டி கட்டினேன். காதர் வளைகுடாவுக்குப் போனார். படிப்பகத்தை யாரும் மூடவில்லை, திறக்கிறவர்கள்தான் குறைந்துபோனார்கள். ஓய்வுபெற்று, மனைவியும் போனபின், கடலோரமாக இருக்கலாம் என்று படிப்பகம் இருந்த இதே ஊரில் ஒரு வீடு பிடித்தேன். கடலுக்காக வந்தேன் என்றுதான் கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன்.

வெங்காய வண்டி நின்று பேசிய மறுநாள் காலை செல்வமேரியின் வீட்டுக்குப் போனேன். கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். முதலில் சிரித்தார்.

“நீங்கதானா சார்? நான் இத்தன வருசமா உப்புக்காத்தயில்ல வஞ்சுக்கிட்டிருக்கேன்.”

அதன்பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஒவ்வொரு மீனாகத் திருப்பிப் போட்டார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசி மீனையும் திருப்பிய பிறகு, “எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? நான் சொன்னது எனக்குத்தான் தெரியுமே. கேக்காதவுகளுக்குச் சொல்லுங்க. எங்கன அமத்துனீங்களோ அங்கன இருந்து சொல்லுங்க” என்றார்.

காதர் வளைகுடாவிலிருந்து திரும்பித் தொண்டியில் மகன் வீட்டில் இருக்கிறார். பழைய குழாய் பரண்மேல் கிடந்தது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “ஒயருக்காக நான் ஊர் முன்னாடி மல்லுக்கு நின்னப்ப, பக்கத்துலதான டீ குடிச்சிக்கிட்டு இருந்தீக?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். பரணில் ஏறப்போன மகனை விலக்கிவிட்டு அவரே ஏறினார். “வாரேன் தோழரே. ஆனா ஒயரு பக்கத்துல நான் இருப்பேன். நீங்க தள்ளி நிக்கணும்.”

படிப்பகம் இப்போது ஐஸ் வைக்கிற கிடங்கு. உரிமையாளர் அனுமதித்தார், கரைப்பக்கமாகக் குழாயைக் கட்டினோம். சாயங்காலம் மைக்கைப் பிடித்தேன். பாதிக் கரையின் காதில் இயர்போன் இருந்தது. என் பெயரைச் சொன்னேன், செய்ததைச் சொன்னேன். காதரின் ஒயர் நல்ல ஒயர் என்று சொன்னேன். பிறகு செல்வமேரி அன்று பேசியதை முதல் வரியிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.

“வலைய முடிஞ்சுக்கிறலாம்” என்ற இடத்துக்கு வந்தபோது சவரிமுத்து தடியை ஊன்றிக்கொண்டு தெருவிலிருந்து வந்தார். கையைக் காட்டி என்னை நிறுத்தச் சொன்னார். படிப்பகத்தில் பேசியவரை நிறுத்தியதற்காக மன்னிப்புக் கேட்கும் பேச்சும் நிறுத்தப்பட்டது. நான் விதியைச் சொல்லி வாதாடவில்லை.

கரையில் நின்ற தங்கையிடம் திரும்பி, “மிச்சத்த நீ சொல்லு” என்றார்.

“என்னத்தச் சொல்ல? சோறு ஆக்கி வச்சிருந்தேன். வான்னு கூப்புட்டேன்.”

“இப்ப?”

“இப்பயும் ஆக்கித்தான் இருக்கு. மீனுதான் இல்ல. ஒன் போட்டு எங்கன விட்டு வச்சுச்சு?”

கரையில் சிரிப்பு எழுந்தது. அவர் சிரிக்கவில்லை, தங்கைக்குப் பின்னால் நடந்தார். என்னைக் கடக்கும்போது மட்டும் ஒரு கணம் நின்று, “நான் ஒருநாளும் கரண்ட நிறுத்தலயே சார்” என்றார்.

தூத்துக்குடியில் இருக்கும் சகாயராணியைத் தொலைபேசியில் அழைத்தேன். பொறுமையாகக் கேட்டாள். “எல்லாம் சரி சார். நான் அன்னைக்கி மாமனத் தேடித் தெருவப் பாத்துக்கிட்டே நின்னேனே, அத எந்த மைக்குல சொல்லிச் சரிபண்ணுவீங்க?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். நான் அவளை மறுபடி அழைக்கவில்லை.

குழாயைக் காதர் தொண்டிக்கே எடுத்துப் போய்விட்டார். சுவரில் நான் எழுதிய விதி சுண்ணாம்புக்கு அடியில் எங்கோ இருக்கும். வேலை செய்துகொண்டே ஒரே பேச்சைக் கேட்டு, ஒரே இடத்தில் சிரித்து, பிடிக்காவிட்டால் எழுந்து சொன்ன அந்தக் கரை இனி வராது. இப்போது ஒவ்வொருவர் காதிலும் தனித்தனிப் பேச்சு.

ஆனால் சாயங்காலங்களில் சவரிமுத்து தங்கை வீட்டு வாசலுக்கு வந்து உட்கார்கிறார். காது கொஞ்சம் மந்தம். அதனால் இருவரும் உரக்கத்தான் பேசவேண்டியிருக்கிறது. பெரும்பாலும் சண்டைதான். எந்த மீன் எப்போது பட்டது, எந்தப் படகு யார் வலையில் ஏறியது என்று விடாமல் நடக்கும். குழாய் இல்லாமலே என் வீடு வரை கேட்கிறது. நான் சன்னலைச் சாத்துவதில்லை.