மஞ்சள் கட்டத்தில் நான் போட்ட சரி

"புறப்பாடு 48213. ஆஸ்பத்திரி. பிரேதம் 1. திரும்பியது... மஞ்சள்..."

அப்பாவின் வண்டிக் கொப்பியில் கடைசி வரி இது. பின்னிரண்டு கட்டங்களும் வெறுமையாக இருந்தன. பேய், ஆவி எதையும் நான் நம்பியதில்லை. ஊரில் நடப்பதை நாளும் மணியும் போட்டு எழுதி வைக்கிறவன். நீங்களும் நம்பப் போவதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

வண்டி இங்கிலாந்தில் செய்த பழைய பிக்கப். பெயின்ட், சீட், கண்ணாடி எல்லாம் வந்தபடியே இருக்கின்றன. மஸ்கெலியா கடைத்தெருவுக்குச் சரக்கு ஏற்றிய அப்பா, தேயிலைத் தோட்ட லயத்து ஆட்கள் யாராவது ஆஸ்பத்திரியில் இறந்தால் காசு வாங்காமல் உடலைக் கொண்டுவந்து சேர்ப்பார். வீடு திரும்பியதும் வண்டியை மஞ்சள் தண்ணீரால் கழுவிவிட்டுத்தான் அந்தக் கட்டத்தில் சரி போடுவார். "அதப் போட்டாத்தான்டா வண்டி அடுத்த ஆளுக்கு ரெடி" என்பார். அந்தக் கடைசித் தடவை வண்டியை ஷெட்டில் விட்டு இறங்கியவர் பக்கவாதம் வந்து அங்கேயே விழுந்தார், பிறகு எழவில்லை. வண்டியும் அன்றோடு நின்றது. எப்போதாவது எஞ்சினை உறும விட்டு அணைப்பேனே தவிர நகர்த்தியதில்லை.

போன ஐப்பசியில் என் மனைவி சரோஜாவுக்கு இருதய வால்வு கெட்டது. கண்டியில் ஆபரேஷன் செய்தால் பிழைப்பாள் என்றார்கள். விற்பதற்கு இந்த வண்டி ஒன்றுதான் இருந்தது. கினிகத்தேனையில் பழைய வாகனங்கள் சேர்க்கும் ஒருவர் வந்து பார்த்தார்.

"கொப்பியும் சேர்த்து வேணும்ண்ணே. மீட்டரும் கொப்பியும் ஒத்துப்போவணும், ஒரு கட்டமும் விட்டுப்போவக் கூடாது. நாளைக்கே முடிச்சிருவோம்."

அன்று மாலை, அப்பா போய்வந்த அதே ஆஸ்பத்திரியில் படுத்திருந்த சரோஜாவிடம் சொன்னேன்.

"வண்டிய வித்துட்டு என்னைய எதுல கூட்டிக்கிட்டுப் போவீங்க?"

"ஆம்புலன்ஸ்ல, மகாராணி மாதிரி."

"அந்தப் பவுசெல்லாம் ஒங்களுக்கு. எனக்கு மாமா வண்டி போதும்."

வீட்டுக்கு வந்து மீட்டரைப் பார்த்தேன்: 48227. 'திரும்பியது' கட்டத்தில் அதை எழுதினேன். மஞ்சள் கட்டத்தில், அப்பா கழுவவில்லை என்று தெரிந்திருந்தும், அவர் போடுவதுபோலவே சாய்வாக ஒரு சரி போட்டேன். வாழ்க்கையில் நான் எழுதிய பொய்ப் பதிவு அது ஒன்றுதான். பேட்டரி கடைத்தெருவில் சார்ஜுக்கு இருந்தது. ஷெட் சாவி என் சட்டைப் பையில்.

மறுநாள் காலை எட்டு மணி, கண் மறைக்கும் பனி. பேட்டரியைக் கொண்டுவந்து நான் மாட்டிக்கொண்டிருக்க, வண்டி வாங்க வந்தவர் கொப்பியும் கையுமாக உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, கொப்பில இருபத்தேழு, மீட்டர்ல முப்பத்துநாலு? ஏழு மைல் யாரு ஓட்டுனது?"

"பேட்டரியே இப்பத்தாங்க வைக்கிறேன்."

"அப்ப மீட்டர நோண்டியிருக்கீங்க. ஒரிஜினலாம் ஒரிஜினல்! நல்லா கட்டப் பார்த்தீங்க என் தலையில."

கொப்பியை சீட்டில் போட்டுவிட்டுப் போய்விட்டார். எங்கள் வீட்டிலிருந்து ஆஸ்பத்திரி சரியாக ஏழு மைல். அது எனக்கு உறைத்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது. சரோஜா காலை ஆறு நாற்பதுக்கு இறந்திருந்தாள்.

ஷெட்டைப் பூட்டிவிட்டு ஓடினேன். வாடகை வேனில்தான் அவளைக் கொண்டுவந்தோம். அடக்கம் முடிந்த மாலை ஷெட்டைத் திறந்தேன். 48241. பூட்டு உடையவில்லை, தரையில் சக்கரத் தடமில்லை, வண்டியின் பின்தட்டு மட்டும் பனியில் நின்றதுபோல் நனைந்திருந்தது.

கொப்பியில் புது வரி எழுதினேன். புறப்பாடு 48227, திரும்பியது 48241. மஞ்சள் கட்டத்தில் எதுவும் எழுதவில்லை, வண்டியைக் கழுவவும் இல்லை. வீட்டில் இப்போது அடுத்த ஆள் என்று நான் ஒருவன்தான் இருக்கிறேன்.

ஆஸ்பத்திரி வாசலில் வந்துபோகும் வாகனங்களின் எண்ணை எழுதும் பதிவேடு ஒன்று உண்டு. அதைப் பார்க்க அனுமதி கேட்டு எழுதிய கடிதம் இன்னும் என் மேசையிலேயே கிடக்கிறது. அன்று காலைப் பக்கத்தில் எங்கள் வண்டி எண் இருக்கிறதா என்பது இதுவரை சரிபார்க்கப்படவில்லை.