திருத்துவதுதான் தொழில்

கழுத்தைச் சுற்றித் துணியைப் போர்த்தி, பின்னால் முடிச்சையும் இறுக்கிய பிறகுதான் அவர் அந்தக் கேள்வியைக் கேட்பார். அதற்குமேல் நாற்காலியை விட்டு எழுந்து ஓட யாராலும் முடியாது.

“நீங்க என்ன வேலை பாக்குறீங்க?”

பதில் சொன்னதும் அடுத்தது வரும். “அதைப் பத்தித் தமிழ்ல ஒரு பக்கம் இருக்கா, பாத்திருக்கீங்களா?”

பக்கம் என்றால், இணையத்தில் தன்னார்வலர்கள் எழுதி வளர்க்கும் கலைக்களஞ்சியத்தின் பக்கம். யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், யாரும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம். முடி திருத்தும் கடை வைத்திருக்கும் இவர் அதில் பல ஆண்டுகளாக எழுதிவருகிறார். கடையின் பலகையில் வேறு என்னவோ எழுதியிருக்கிறது. தெருவுக்கு அவர் ‘களஞ்சியம்’. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இருந்துவிடுகிறார்.

ஐம்பதை நெருங்குகிறார். ஊருக்கெல்லாம் விதவிதமாக வெட்டிவிடுபவர், தன் தலையை மட்டும் ஒட்ட வழித்துவைத்திருக்கிறார். “எனக்கு யாரு உக்காந்து பாத்துப் பாத்து வெட்டுறது?” கைபேசி தண்ணீர் படாமல் பிளாஸ்டிக் உறைக்குள், கண்ணாடியின் கீழ்விளிம்பில் சாய்ந்திருக்கும். வாடிக்கையாளரின் தலையில் சாயம் ஊறும் நேரமெல்லாம் அவருக்குக் கட்டுரை நேரம். கையுறையைக் கழற்றச் சோம்பல்பட்டு விரல்முட்டியாலேயே திரையைத் தள்ளுவார்.

இந்த நாற்காலியில் சிக்கியவர்கள் பலர். லிஃப்ட் பழுதுபார்ப்பவர் ஒருவர், இரண்டு மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் ஏன் நிற்கிறது என்று எழுதினார். ‘நின்றுவிட்டால் கதவை உதைக்காதீர்கள்’ என்ற அவருடைய கடைசி வரியை, கலைக்களஞ்சியம் புத்திமதி சொல்லாது என்று களஞ்சியம் நீக்கிவிட்டார். அந்த மனத்தாங்கல் இன்றும் தீரவில்லை. வரும்போதெல்லாம், “இருந்ததுலயே உருப்படியான வரி அதுதான்” என்கிறார். களஞ்சியம் அசரமாட்டார். “முடின்னாலும் கட்டுரைன்னாலும் திருத்துறதுதானே நம்ம தொழிலு. குனிங்க.”

சிரிப்பும் கிண்டலுமாக நடந்துகொண்டிருந்த இந்த வேலை, தங்கை மகள் விஷயத்தில் வேறு மாதிரி ஆயிற்று.

குழந்தைக்கு ஒரு வயது ஆகியும் கூப்பிட்டால் திரும்பவில்லை. வீட்டில் ஆளாளுக்கு, “லேட்டா பேசும், அவங்கப்பனும் அப்படித்தான்” என்றார்கள். தங்கை யாரிடமும் சொல்லாமல் கைபேசியில் தமிழில் தேடினாள். வந்தது ஒரு விளம்பரம்: காதில் விடும் எண்ணெய். வாங்கினாள், விட்டாள், காத்திருந்தாள். மாதங்கள் போனபிறகுதான் அக்காவான களஞ்சியத்துக்கே தெரிந்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினார்கள். குழந்தைக்கு இரண்டு காதும் சரியாகக் கேட்கவில்லை. கருவி பொருத்தினால் கேட்கும், பேச்சு வரும். முன்பே வந்திருந்தால் இன்னும் சுலபம் என்றார்கள் மருத்துவர்கள்.

“ஆயிரம் பக்கம் எழுதுனேன். எந்தப் பறவை எங்க முட்டை போடும்னு எழுதுனேன். எந்தங்கச்சி தேடுன ஒரு பக்கத்தை எழுதல” என்று என்னிடம் சொன்னபோது அவர் கத்தரியைக் கீழே வைத்திருந்தார். அந்தக் கை சும்மா இருந்து நான் பார்த்தது அப்போதுதான்.

அதே மருத்துவமனையின் செவித்திறன் நிபுணர் அவருடைய வாடிக்கையாளர். அடுத்தமுறை அவர் வந்தபோது களஞ்சியம் துணியைப் போர்த்தும்வரை காத்திருக்கவில்லை, வாசலிலேயே பிடித்துக்கொண்டார். நிபுணரும் மறுக்கவில்லை. ஒரே வாரத்தில் நீண்ட கட்டுரை வந்தது, மறுநாளே நீக்கப்பட்டது. மருத்துவமனையின் கையேட்டில் இருந்த அதே வாசகங்கள் என்று வேறொரு தன்னார்வலர் கண்டுபிடித்துவிட்டார்.

நிபுணருக்குக் கோபம் தலைக்கேறியது. “அந்தக் கையேட்டை எழுதுனதே நான்தாங்க. என் எழுத்தை நானே திருடுவேனா?”

“எழுதுனது நீங்க. உரிமை ஆஸ்பத்திரியோடது. நீக்குனவர் செஞ்சது சரிதான்” என்றார் களஞ்சியம். “ஆஸ்பத்திரிகிட்டயே கேப்போம், வாங்க.”

மருத்துவமனை நிர்வாகி நல்ல மனிதர்தான், ஆனால் பயந்த சுபாவம். களஞ்சியம், நிபுணர் இரண்டு பெண்களையும் உட்காரவைத்து, கையேட்டைப் புரட்டிக்கொண்டே யோசித்தார்.

“எல்லாருக்கும் தூக்கிக் குடுத்துட்டா, நாளைக்கு எவனாவது அச்சடிச்சு வித்தா என்னம்மா பண்றது?”

“விக்கட்டும் சார். எண்ணெய் விக்கிறவன் கேட்டுட்டா விக்கிறான்? அவனுக்குப் பதிலா இதை எவனாவது வித்தா, நானே ரெண்டு வாங்கிக்கிறேன்” என்றார் களஞ்சியம்.

“யாரும் திருத்தலாம்னு வேற சொல்றீங்க. தப்பா மாத்திட்டா?”

நிபுணர் முந்திக்கொண்டார். “அதைப் பாத்துக்க நான் இருக்கேன் சார். ராத்திரி பகல்னு இவங்களும் விடமாட்டாங்க.”

நிர்வாகி கையேட்டை மூடினார். “என் பையன் மூணு வயசுக்கு மேலதான் பேசினான். அவன் அம்மா அழுத அழுகை எனக்குத் தெரியும். இது ஒண்ணு மட்டும் ஏன்? எங்க கையேடு அத்தனையும் எடுத்துக்குங்க.”

வாசலைத் தாண்டும்வரை இருவரும் ஒழுங்காக நடந்தார்கள். வெளியே வந்ததும் நிபுணர், படித்த படிப்பையெல்லாம் மறந்து, களஞ்சியத்தின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

அனுமதி எழுத்தில் வந்தது, கட்டுரை மீண்டது. காது முடிந்து கண், கண் முடிந்து பல் என்று கையேடுகள் ஒவ்வொன்றாகத் தமிழில் எல்லாருக்கும் சொந்தமாயின. இன்று ‘கூப்பிட்டால் குழந்தை திரும்பவில்லை’ என்று தமிழில் தேடினால், அந்தக் கட்டுரைதான் முதலில் நிற்கிறது. எண்ணெய்க்காரர் கீழே எங்கோ கிடக்கிறார். ஒருநாள் நிர்வாகியே கடைக்குப் போன் செய்தார். கைக்குழந்தையோடு வந்த ஓர் அம்மா, கட்டுரையைக் கைபேசியில் காட்டி, “இதுல சொல்லியிருக்கிற டெஸ்ட்டை எம்புள்ளைக்கும் பண்ணுங்க” என்று கேட்டாராம். குறை சரியான நேரத்தில் அகப்பட்டது. களஞ்சியம் அன்று எல்லார் முடியையும் கொஞ்சம் கூடுதலாகவே வெட்டிவிட்டார். யாரும் சண்டைக்குப் போகவில்லை.

தங்கை மகள் இப்போது காதில் கருவியோடு கடைக்குள் ஓடிவருகிறாள். ‘பெரிம்மா’ என்ற சொல்லை அவள் கண்டுபிடித்ததிலிருந்து மற்ற சொற்களுக்கெல்லாம் ஓய்வு கிடைத்துவிட்டது.

சென்ற வாரம் நான் தலையில் சாயத்தோடு உட்கார்ந்திருந்தபோது கைபேசி ஒலித்தது. களஞ்சியம் எட்டிப்பார்த்து நெற்றியைச் சுருக்கினார். காது பற்றிய கட்டுரையில் அவர் எழுதிய வரியை யாரோ மாற்றியிருந்தார்கள். ‘செவித்திறன் குறையால் பாதிக்கப்பட்ட குழந்தைகள்’ என்பது போய், ‘கேட்கும் கருவி அணியும் குழந்தைகள்’ என்றிருந்தது. மாற்றியதற்கான காரணமும் பக்கத்தில் இருந்தது. வாய்விட்டுப் படித்தார்: “பாதிக்கப்பட்டவங்கன்னு சொல்லாதீங்க. என் மக நல்லாத்தான் இருக்கா.”

எழுதியவர் யார் என்று அவர் மறுபடி பார்க்க வேண்டியிருக்கவில்லை. தங்கை செய்த முதல் திருத்தம் அது.

என் நெற்றியோரம் வழிந்த சாயத்தைத் துடைக்கவும் மறந்து, கையுறையைப் பல்லால் கடித்து உருவினார். அந்தத் திருத்தத்துக்கு அருகே ‘நன்றி’ என்றிருந்த இடத்தை, ஈரமான வெறும் விரலால் அழுத்தினார்.