இது, உது, அது

யோகோஹாமாவுக்கு நான் ஒரு கேள்வியைச் சுமந்துகொண்டுதான் போனேன். பருத்தித்துறையிலிருந்து புறப்பட்ட காலையில் அம்மா வாசல் படலை வரை வந்தார்.

"போனிலை கேட்டால் உன்ரை அண்ணை கதையை மாத்திப்போடுவான். நீ முகத்தைப் பாத்துக் கேள், ஊருக்கு வருவானோ மாட்டானோ எண்டு. வாயிலை கொழுக்கட்டையோட இருந்திட்டு வந்திடாதை."

கப்பல் வேலைக்குப் போன என் அண்ணை ஜப்பானில் இறங்கி இருபத்தாறு வருடம். அப்பாவின் செத்தவீட்டுக்கு அவரால் வர முடியவில்லை. அதன் பிறகு முகம் காட்டக் கூசி, வராமலே இருந்துவிட்டார். அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது.

பன்னிரண்டு நாள் அவருக்கு மீன்குழம்பும் புட்டும் சமைத்துக் கொடுத்தேன். கேட்க வாய் வரவில்லை. திரும்புவதற்கு முதல் நாள் கடற்கரைப் பூங்காவுக்குக் கூட்டிப்போனார்.

கடலோரமாக நீண்டு கிடந்த பழைய பூங்கா. ரோசாக்கள் பூத்திருந்தன. கரையோடு ஒரு பழைய பயணிகள் கப்பலைச் சங்கிலியால் கட்டிவைத்திருந்தார்கள். சங்கிலி முழுவதும் கடற்காகங்கள் வரிசையாக இருந்தன.

"நாங்கள் நிக்கிற இடம் முந்திக் கடல்," என்றார் அண்ணை. "பெரிய பூகம்பத்திலை இடிஞ்ச வீடுகளின்ரை கல்லையெல்லாம் கொண்டுவந்து கொட்டி நிரப்பினது."

நான் என்னையறியாமல் காலைத் தூக்கினேன். அவர் சிரித்தார்.

"எடியே, நூறு வருசமாச்சு. ஒருத்தருக்கும் நோகாது."

கடலைப் பார்த்துப் போட்டிருந்த வாங்கில் இருந்தோம். தூரத்தில் கப்பல்கள் போய்க்கொண்டிருந்தன. சின்ன வயதில் பருத்தித்துறைத் துறைமுகக் கட்டில் நாங்கள் விளையாடிய விளையாட்டு நினைவுக்கு வந்தது. கரையோரத் தோணி 'இது'. நடுவில் நிற்கும் வள்ளம் 'உது'. கண்ணுக்கு எட்டியும் எட்டாமலும் போகிற கப்பல் 'அது'. யார் எதை முதலில் சொல்கிறாரோ, அது அவருடையது. அண்ணை எப்போதும் 'அது'வைத்தான் எடுப்பார்.

அதைச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

"இவங்களிட்டையும் மூண்டும் இருக்கு, தெரியுமே? கொரே, சொரே, அரே. இது, உது, அது. கேக்கிற ஆளுக்குக் கிட்ட இருந்தால் 'சொரே', எங்கடை 'உது', 'உங்கை' மாதிரியே. கொழும்பிலை நான் 'உது' எண்டால் சிரிப்பாங்கள். இங்கை உது இல்லாமல் ஒரு மீன் வாங்கேலாது!"

இருவரும் சிரித்தோம். இப்போது கேட்கலாம் என்று வாயைத் திறந்தேன். அம்மாவே கேட்கட்டும் என்று தோன்றியது. போனை எடுத்து அம்மாவுக்கு வீடியோவில் அழைத்து, அண்ணையின் கையில் கொடுத்தேன்.

அம்மாவும் கேட்கவில்லை. "சாப்பிட்டியோ, மோனை?" என்றார். போனை மறுபக்கம் திருப்பிப் பிடித்திருந்தார்.

"அம்மா, உங்கடை முகம் தெரியேல்லை. கிணத்தடிதான் தெரியுது."

"முகத்தைப் பாத்து என்ன செய்யப்போறாய், கிணத்தைப் பார்."

அண்ணை பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"உந்தக் கல்லெல்லாம் எங்கத்தையான்?"

"உன்ரை அறையின்ரை கல்லடா. சண்டையிலை செல் விழுந்து இடிஞ்சது. சும்மா கிடக்குதெண்டு கிணத்தடியிலை பதிப்பிச்சனான். அதிலை நிண்டுதான் நான் குளிக்கிறனான்."

அண்ணை குனிந்து, தன் சப்பாத்துக்குக் கீழே இருந்த தரையைப் பார்த்தார்.

"உங்கை தண்ணி இப்பவும் நல்ல தண்ணியோ, அம்மா?"

"வந்து குடிச்சுப் பாரன்."

ஒரு கடற்காகம் சங்கிலியிலிருந்து எழும்பிப் போனது. அந்த இடத்தில் வேறொன்று வந்து இருந்தது.

"தை மாசம் உங்கை வாறன்," என்றார் அண்ணை.

அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. திரையில் கிணற்றடி ஆடியது.

பன்னிரண்டு நாளும் ஊரைப் பற்றிக் கதைத்தபோதெல்லாம் அவர் 'அங்கை' என்றுதான் சொல்லிவந்தார். 'அங்கை மழையோ', 'அங்கை ஆர் இருக்கினம்' என்று, யாருடையதோ ஓர் இடத்தைக் கேட்பதுபோல. இன்றைக்குத்தான் 'உங்கை' என்றார். அம்மா நிற்கிற இடம்.

போனை என்னிடம் திருப்பித் தந்தார்.

"நீ ஏதோ கேக்கவெண்டு வந்தனீ. எனக்குத் தெரியும். கேள்."

"ஒண்டுமில்லை, அண்ணை," என்றேன்.