ஹெல்மெட்டில் நான் ஒட்டிய வேல்

எனக்கு எழுபத்தொன்று நடக்கிறது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நாற்று நட்டு, களை பறித்து, செங்கல் சூளையில் மண் மிதித்து வளர்த்தேன். ஐந்தில் ஒன்றுகூட அடுத்தவர் கொல்லையில் ஒரு வெண்டைக்காய் பறித்தது என்று யாரும் என் வாசலில் வந்து நின்றதில்லை. இதை முதலில் எழுதிவிடுகிறேன். கடைசிப் பிள்ளை இப்போது தெருவெல்லாம் வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறான். வந்த வியாபாரத்தைக் கிழவி கெடுத்துவிட்டாளாம். அவனுக்கு வாய் இருக்கிறது, போன் இருக்கிறது. எனக்கு முதியோர் வகுப்பில் கற்ற எழுத்து இருக்கிறது. மெதுவாகத்தான் வரும். வரட்டும், எனக்கு அவசரம் இல்லை.

அவன் ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போகிறவன். சம்பளத்தைச் சேர்த்துப் பெண் பார்க்கச் சொல்வான் என்று இருந்தேன். ஒரு வண்டியை வாங்கிக்கொண்டு வந்து நின்றான். அதற்கு நம்பர் கிடையாது. விளக்கு, ஹாரன், கண்ணாடி எதுவும் கிடையாது. ரோட்டில் ஓட்டக் கூடாதாம். பந்தயத் தடம் ஒன்று இருக்கிறதாம், அங்கே கொண்டுபோய் வளைத்து வளைத்து ஓட்டுவதற்கென்றே உள்ள வண்டியாம். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைக் குட்டியானை வேனில் ஏற்றிக் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு போவான். ஊரில் எல்லாரும் வண்டி மேல் போகிறார்கள், இவன் வண்டியை மேலே ஏற்றிக்கொண்டு போகிறான் என்று மானாம்பதி டீக்கடை வரைக்கும் சிரித்தார்கள். அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீட்டில் அறை ஒன்றுதான். அதில் வண்டி. நான் நடையில் படுத்தேன். மழைச்சாரல் என் காலில் அடிக்கும், வண்டி உள்ளே போர்வை போர்த்திக்கொண்டு நிற்கும். நான் அதை ஒரு நாளும் வாய் திறந்து வாழ்த்தவில்லை.

போட்டுக்கொண்டு ஓட்டுவதற்குத் தோலில் ஓர் உடுப்பு. சட்டையும் பேன்ட்டும் ஒன்றாகச் சேர்த்துத் தைத்தது. ஒவ்வொரு முறை விழுந்து வரும்போதும் அதை என்னிடம்தான் போடுவான். என் அப்பா ஊர்க்காரர் கிணறுகளில் மாடு கட்டி நீர் இறைக்கும் கவலைக்குத் தோல் தைத்தவர். அவர் தைத்த தோலில்தான் அவர்கள் நிலத்துக்குத் தண்ணீர் ஏறியது. எங்களுக்கு நிலமும் இல்லை, அந்தக் கிணற்றில் குடிக்கத் தண்ணீரும் இல்லை. ஆனால் தோலை எப்படித் தைப்பது, எப்படி ஆமணக்கெண்ணெயில் ஊற வைப்பது என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். மெழுகு தடவிய நூலில் தைத்துக் கொடுத்தேன். “சும்மா உரசிச்சு” என்பான். எந்தப் பக்கம் விழுந்தான், எவ்வளவு தூரம் தேய்த்துக்கொண்டு போனான் என்பதைத் தோல் எனக்குச் சொல்லிவிடும். நான் கேட்டதில்லை.

நான்காவது முறை தோலோடு நிற்கவில்லை. தொடை எலும்பு முறிந்தது. உள்ளே கம்பி வைத்து அனுப்பினார்கள். கட்டிலில் கிடந்தபடியே அவன் பார்வை வண்டி மேல்தான். கால் ஊன்றியதும் ஏறிவிடுவான் என்று எனக்குத் தெரிந்தது. அவன் கால் சேர்வதற்குள் வண்டி வெளியே போக வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். சோற்றுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னேன்.

“அது வெளிய போவணும். இல்லன்னா நான் போறேன். ரெண்டுத்துல எது வேணும் சொல்லு, அப்புறம் சோறு துன்னு.”

பசி. விற்கிறேன் என்றான்.

வண்டி, தோல் உடுப்பு, பூட்ஸ், கையுறை, ஹெல்மெட் எல்லாவற்றையும் வரிசையாக வைக்கச் சொல்லிப் படம் எடுத்துப் போனில் விற்பனைக்குப் போட்டான். படம் எடுப்பதற்கு முன்னால் ஒரு வேல் ஸ்டிக்கரை நீட்டி, ஹெல்மெட்டின் பின்பக்கம் ஒட்டச் சொன்னான். தனக்குக் குனிய முடியவில்லையாம். இன்னும் கொஞ்சம் கீழே, இன்னும் வலது பக்கம் என்று இடம் காட்டினான். என் கண் மங்கல். கட்டைவிரலால் அழுத்தி ஒட்டி, முந்தானையால் துடைத்தும் வைத்தேன். அடிபட்ட பிறகு பிள்ளைக்குப் பக்தி வந்திருக்கிறது என்று நினைத்தேன். அந்த முட்டாள்தனத்தை மறைக்கப் போவதில்லை.

முதலில் வந்தவன் ஊர்த்தெருக்காரன், பழைய வண்டி வாங்கி விற்கிறவன். வாசலில் செருப்பைக் கழற்றாமலே உள்ளே வந்தான். ஆர்.சி. புத்தகம் எங்கே என்றான். ரோட்டில் ஓடாத வண்டிக்கு அது கிடையாது, வாங்கிய ரசீது இருக்கிறது என்று மகன் எடுத்துக் காட்டினான். அவன் ரசீதைப் பார்க்கவில்லை, எங்கள் சுவரைப் பார்த்தான்.

“நம்பர் இல்ல, லைட் இல்ல, டயரு மொட்டையா தேஞ்சி கீது. எங்க இருந்து தள்ளிக்கினு வந்தீங்க? எடைக்கு வேணா எடுத்துக்கிறேன்.”

அந்த டயர் தேய்ந்ததல்ல. புதிதிலேயே மொட்டைதான். வரிகள் இல்லாமல் இருந்தால்தான் தடத்தைக் கவ்விப் பிடிக்கும். மகன் சொல்லிச் சொல்லி எனக்கே பாடம். அதைச் சொன்னேன். பிறகு, டயர் தெரியாதவனுக்கு வண்டி எதற்கு, வந்த செருப்போடு திரும்பிப் போ என்றும் சொன்னேன். இவன் அப்பனுடைய நிலத்தில் முப்பது வருடம் நடவு நட்டவள் நான். என்னைப் பார்த்து எங்கிருந்து தள்ளி வந்தீர்கள் என்றான். தெருமுனை திரும்பும் வரை அவனை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிறு சென்னையிலிருந்து ஒருவர் வந்தார். குட்டியானையையும் கூடவே கொண்டு வந்திருந்தார். விஷயம் தெரிந்தவர். மண்டி போட்டு உட்கார்ந்து போன் விளக்கை அடித்து அடித்துப் பார்த்தார். எத்தனை முறை விழுந்தது என்று கேட்டார். கால் முறிந்த அந்த ஒரு முறைதான், வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை என்று மகன் கட்டிலில் இருந்தபடியே சொன்னான். நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வண்டி போனால் போதும் என்று இருந்தேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

அவர் ஹெல்மெட்டை எடுத்தார். உருட்டிப் பார்த்தார். நகம் வேல் மேல் போய் நின்றது. இதைப் பிய்க்கலாமா என்று என்னிடம் கேட்டார்.

“சாமி படம் அண்ணா, அதுல கைய வெக்காதீங்க” என்றான் என் மகன். குரல் சட்டென்று மாறியிருந்தது. பெற்றவளுக்கு அது போதும்.

“நான் ஒட்டினது. நானே பிக்கிறேன்” என்றேன்.

பிய்த்தேன். கீழே விரல் நீளத்துக்கு விரிசல்.

அந்த மனிதர் கோபப்படவில்லை. ஒரு முறை தரையில் மோதிய ஹெல்மெட்டுக்கு உள்ளே இருக்கும் மெத்தை நசுங்கிவிடும், வெளியே முழுசாகத் தெரிந்தாலும் அடுத்த முறை தலையைக் காப்பாற்றாது என்று எனக்குப் புரியும்படி சொன்னார். “இத விக்கக் கூடாதும்மா. சும்மா கூடக் குடுக்கக் கூடாது. ஒடச்சிப் போட்ரணும்.” பிறகு எழுந்தார். ஹெல்மெட்டிலேயே இப்படி என்றால் வண்டியில் என்னவெல்லாம் மூடியிருக்கிறதோ, எனக்கு வேண்டாம் என்றார். குட்டியானைக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டு வாசல் வரை போய்விட்டார்.

என் மகன் முகத்தில் துக்கமே இல்லை. வண்டி தங்கிவிட்டது என்ற நிம்மதிதான் தெரிந்தது.

நான் உள்ளே போய்த் தோல் உடுப்பை எடுத்து வந்து வாசலில் விரித்தேன். அவரைத் திரும்பி வரச் சொன்னேன். மகன் சும்மா இரு, சும்மா இரு என்று கத்திக்கொண்டிருந்தான். நான் என் தையலைத் தொட்டுத் தொட்டுக் காட்டினேன். இது முதல் தடவை, இடது முழங்கை. இது இரண்டாவது, இடது இடுப்பு, நீளமாகத் தேய்ந்தது. இது வலது தோள், வண்டி தூக்கிப் போட்டிருக்கிறது, தேய்க்கவில்லை. இது கடைசி. அவர் ஒவ்வொன்றுக்கும் வண்டியில் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார். எல்லாம் பொருந்தியது. வலது பக்கத்துக் கீறலை மகன் பெயின்ட் அடித்து மூடியிருந்தான். நான் சொன்ன பிறகுதான் அவர் விரலுக்கு அது தட்டுப்பட்டது.

“விழாத ட்ராக் வண்டியே கெடையாதும்மா. எந்தப் பக்கம்னு தெரிஞ்சா போதும் எனக்கு” என்றார்.

விலையைக் குறைத்துத்தான் கேட்டார். சரி என்றவள் நான். வண்டியையும் பூட்ஸையும் கையுறையையும் எடுத்துக்கொண்டார். தோல் உடுப்பு அவர் இடுப்புக்கு மேல் ஏறவில்லை. குட்டியானை தெருமுனை திரும்பும் வரை நான் நின்று பார்த்தேன். இரண்டு வாரத்தில் இரண்டாவது தடவை.

பிறகு ஹெல்மெட்டை வாசல் கல் மேல் வைத்துக் கடப்பாறையின் பின்பக்கத்தால் அடித்தேன். முதல் அடிக்கு எகிறி ஓடியது. காலால் மிதித்துக்கொண்டு அடித்தேன். ஐந்தாவது அடியில்தான் பிளந்தது.

“நீ எனக்கு அம்மாவா, அவனுக்கு அம்மாவா?” என்றான் கட்டிலில் இருந்து.

“அவனப் பெத்தவ இங்க இல்ல. இருந்திருந்தா அவ பேசிக்கினு இருப்பா, நான் இன்னாத்துக்கு வாயத் தொறக்கப்போறேன்.”

அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்தினான். முகம் தெரியாத ஒருவன் தலைக்கு என் கையாலேயே கேடு செய்யப் பார்த்தவன், பேசாமல் இருப்பது எனக்குத் தண்டனை என்று நினைக்கிறான். மிஞ்சிய தோல் உடுப்பின் கையை வெட்டி, கக்கத்தில் வைத்து நடக்கும் கட்டைக்கு மெத்தென்று ஓர் உறை தைத்துப் போட்டேன். அதை ஊன்றிக்கொண்டுதான் தினமும் தெருவுக்குப் போய் என்னைப் பற்றிச் சொல்லிவிட்டு வருகிறான்.

என் மூத்த மகளின் பெண், ஏனாத்தூரில் படிப்பவள், இன்றைக்கு வந்திருக்கிறாள். எழுத்து கோணலாக இருக்கிறது ஆயா என்கிறாள். கோணலாக இருக்கட்டும். அவள் மாமன் கட்டிலில்தான் படுத்திருக்கிறான், தூங்குகிற மாதிரி.

“இந்தா, மொதல்ல இருந்து படி. உள்ள இல்ல, இங்க வாசப்படில நின்னு படி. ஸ்டிக்கர் எடத்த மட்டும் முழுங்காத.”