கொம்பில்லாத மாடுகளுக்குப் பட்டிப்பொங்கல்

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் சாப்பாட்டுக்கடை நடத்துகிறவனுக்குத் தயிர் ஒரு தலையிடி. கடைப் பாலில் உறையும் தயிரை நான் வாயில் வைக்க மாட்டேன். அதனால் கார்ஜ் லே கொனெஸ் புறநகரைத் தாண்டி வடக்கே இருக்கும் ஒரு பிரெஞ்சுக்காரரின் பண்ணைக்கு வாராவாரம் பாலுக்காக வான் ஓட்டுவேன்.

என் கடையில் மரக்கறி வெட்டிய அக்கா, 2009இல் வன்னிப் போரிலிருந்து உயிர் தப்பி வந்தவர். ஒரு மார்கழியில் என்னிடம் கேட்டார்.

"தம்பி, உந்தப் பால்காரனைக் கேட்டுப் பாருமன். பட்டிப்பொங்கலுக்கு ஒருக்கா மாட்டுக்குப் பொங்கோணும். எங்கடை மாடுகளை அவிட்டு விட்டிட்டு ஓடி வந்தனாங்கள். பிறகு ஒரு மாட்டையும் தொடேல்லை."

நான் கேட்டதும் பண்ணைக்காரர் 'செய்யுங்கள்' என்பதுபோல் தோளைக் குலுக்கினார். வைக்கோலுக்குப் பக்கத்தில் நெருப்பு மட்டும் வேண்டாம் என்றார்.

பட்டிப்பொங்கலன்று பண்ணை முற்றத்துக் குளிரில் பொங்கி இறக்கி, கொம்புகளில் சுற்றக் கட்டிய சின்ன மாலைகளோடு தொழுவத்துக்குள் போனோம். ஒரு மாட்டுக்கும் கொம்பில்லை! கொம்பு முளைக்கும் இடத்தைக் கன்றிலேயே சூடு வைத்து நிறுத்திவிடுவார்களாம்.

"முதலே சொல்ல ஏலாதே?" என்று அக்கா என்னை முறைத்தார். இத்தனை நாள் பால் வாங்கியவன் மாட்டின் தலையைப் பார்த்திருந்தால்தானே சொல்ல! அவர் மாலைகளைச் சேர்த்து முடிந்து, கழுத்து மாலைகளாக்கினார். நல்ல கெட்டிக்காரி.

கறுப்பும் வெள்ளையுமான ஒரு கிழட்டுப் பசு தானாகவே கழுத்தை நீட்டியது. பின்னால் நின்ற பண்ணைக்காரர் மெல்லச் சொன்னார்: அது இனிக் கன்று போடாது, திங்கட்கிழமை இறைச்சிக்குப் போகிறது.

"என்னவாம்?"

"ஒண்டுமில்லை அக்கா."

"அபத்துவார் எண்டவர், மாடு வெட்டுற இடம். எனக்கும் அவ்வளவு பிரெஞ்சு விளங்கும்."

அழப்போகிறார், அல்லது அந்த மனிதரைத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். அதன் நெற்றியில் மஞ்சள் பூசி, பெரிய பொட்டாக வைத்து, வாழையிலையில் பொங்கலை ஊட்டினார்.

"இவ்வளவு காலமும் பால் தந்தனீ. உன்ரை பாலைத்தான் தயிராக்கித் திண்டனாங்கள். போட்டு வா அம்மா. எங்கடையளுக்கு இதைச் சொல்ல நேரம் கிடைக்கேல்லை."

குனிந்து அதன் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார். கோயிலில் எத்தனையோ பூசை பார்த்திருக்கிறேன். இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. என்ன சொன்னார் என்று பண்ணைக்காரர் கேட்டார். தட்டுத் தடுமாறிப் பிரெஞ்சில் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றார்.

அடுத்த கிழமை பாலுக்குப் போனபோது அவரே பேச்சை எடுத்தார். இறைச்சிக்கு மாடு ஏற்றும் லொறி வரும் நாளில் வேலையாளை அனுப்பிவிட்டு வீட்டுக்குள்ளே இருந்துவிடுவது அவர் வழக்கம். இந்த முறை அந்தப் பசுவைத் தானே கூட்டிப் போய் ஏற்றினாராம். அதன் காதுக்குள் "மெர்சி", அதாவது நன்றி, என்றாராம்.

கடைக்குத் திரும்பி வந்து அக்காவிடம் சொன்னேன். வெட்டிக்கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

"அப்ப, எங்கடை மாடுகளுக்கும் ஆரேன் சொல்லியிருப்பினம், என்ன தம்பி?"

"ஓம் அக்கா," என்றேன்.