முல்லைக்கு வந்த பூச்சி

நான்காம் பாரத்துப் பெண்களுக்குச் செய்யுள் நடத்திக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடத்து ஆயா வாசற்படியில் வந்து நின்றாள். எப்போதும் கதவைத் தட்டிவிட்டுப் பேசுகிறவள் அன்று தட்டவில்லை. “மந்தவெளி டீச்சரம்மா பூட்டாங்களாம்மா. இப்பத்தான் ஆள் வந்து சொல்லிட்டுப் போனான்” என்றாள். எனக்கு முதலில் வந்தது அழுகையில்லை, கோபம். போன வாரமே ஜுரத்தோடு வகுப்புக்கு வந்த அலமேலு டீச்சரைப் பிடித்து நிறுத்தி, கொய்னா மாத்திரை சாப்பிடுங்கோ, வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொள்ளுங்கோ என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். “ஆகட்டும், ஆகட்டும்” என்றார். எதற்கும் அப்படித்தான் சொல்வார், பிறகு தன் இஷ்டப்படி செய்வார்.

நம் பள்ளிப் பத்திரிகையில் இதைப் படிக்கிற உங்களில் பலர் அலமேலு டீச்சரிடம் இயற்கைப் பாடம் படித்தவர்கள். தோட்டத்தில் உங்களை வெயிலில் நிறுத்தி வைத்தார் என்று வீட்டில் முறையிட்டவர்களும் உண்டு. நான் அவரோடு ஆசிரியர் அறையில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவள். எனக்குத் தெரிந்த அலமேலு டீச்சரைப் பற்றித்தான் நான் எழுத முடியும்.

எங்கள் பழக்கமே சண்டையில்தான் தொடங்கியது. முல்லை வருகிற ஒரு செய்யுளுக்காக, பெண்கள் பார்க்கட்டுமே என்று கொஞ்சம் பூ எடுத்துப் போயிருந்தேன். வகுப்பு முடிந்து வந்ததும் அவர் அதில் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“இது பிச்சி இல்லையோ? மொட்டுக்கு வெளியிலே ரோஜா நிறம் தீட்டியிருக்கு பாருங்கோ. முல்லைக்கு அது கிடையாது.”

“வெள்ளையா, வாசனையா ஒரு பூ. அர்த்தம் புரிஞ்சாப் போறாதா?” என்றேன்.

“உங்களை யாராவது லக்ஷ்மின்னு கூப்பிட்டா திரும்பிப் பாப்பேளா, ருக்மிணி?”

எனக்குச் சுருக்கென்றது. அந்த வாரம் முழுக்க நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளாமல் மூன்று கிளைகளைக் கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். மல்லிகைக்கு ஒற்றை இலை. பிச்சிக்கு இறகு போலப் பல சிற்றிலைகள். முல்லைக்கு ஒரே பெரிய இலை, அதன் காம்பில் காது மாதிரி இரண்டு குட்டி இலைகள். “காது இருந்தா முல்லை” என்றார். இதை உங்களில் எத்தனை பேர் பரீட்சையில் எழுதி மார்க்கு வாங்கியிருப்பீர்கள்.

அதற்குப் பிறகு அவர் எங்கள் வீட்டுக்கு வந்துபோக ஆரம்பித்தார். கிணற்றடியில் எங்களுக்கு ஒரு முல்லைக்கொடி உண்டு. பந்தல் கொள்ளாமல் பூக்கும். ஒரு சாயங்காலம் அதன் அடியில் நின்று, இது ஏன் காய்ப்பதே இல்லை என்று அவர் தமக்குள் கேட்டுக்கொண்டிருந்தபோது, என் மாமியார் உள்ளிருந்தே பதில் சொன்னார்.

“இந்த ஆத்துக் கொடியும் அப்படித்தான், வந்தவளும் அப்படித்தான். பூக்கறதோட சரி. கல்யாணமாகி இத்தனை வருஷத்துல ஒரு புழு பூச்சி உண்டாகலையே.”

எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போலிருந்தது. அலமேலு டீச்சர் நிதானமாகச் சொன்னார்: “பூச்சி வந்துண்டுதான் இருக்கு மாமி. எங்கேர்ந்து வரதுன்னுதான் பாக்கணும்.”

அந்தச் சமயத்தில் என் கணவருக்கு இரண்டாந்தாரமாகப் பார்க்க ஒரு ஜாதகம் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தது. சுவாமி அலமாரியில் குங்குமச்சிமிழுக்குப் பக்கத்திலேயே இருந்தது. தினமும் விளக்கேற்றும்போது அதைப் பார்ப்பேன். என் கணவர் வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஆசிரியர் அறையில் யாரிடமும் சொல்லாததை அலமேலு டீச்சரிடம் மட்டும் சொல்லி அழுதேன். சொல்லக்கூடிய இடம் அதுதான். பிள்ளை இல்லை என்றுதான் அவரையும் புக்ககத்திலிருந்து திருப்பி அனுப்பினார்கள். அவர் கணவர் மறுபடி கல்யாணம் செய்துகொண்டார். இரண்டாவதாக வந்தவளுக்கும் பிள்ளை இல்லை. அதைப் பற்றி ஊர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் யாரைக் குறை சொல்ல வேண்டியிருக்கும் என்று ஊருக்கு நன்றாகத் தெரியும். அலமேலு டீச்சரும் ஒரு வார்த்தை பேசியதில்லை. படித்தார், வேலைக்கு வந்தார், அவ்வளவுதான்.

நான் அழுது முடித்ததும் ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். “உங்காத்து முல்லையில ரெண்டு பூ நாளைக்குக் கொண்டு வாங்கோ” என்றார். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. ஆனாலும் கொண்டுபோனேன்.

பிளேடால் பூவை நீளவாக்கில் கீறிக் காட்டினார். நடுவில் ஒரு நூல், மகரந்தம் வந்து ஒட்டவேண்டிய அதன் நுனி பூவின் வாய்க்கு வெளியே எட்டிப் பார்க்கிறது. மகரந்தப் பொடி இருக்கும் பைகள் அடியில், குழலுக்குள். இப்படியே தலைகீழாகவும் ஒரு முல்லை இருக்கவேண்டும் என்றார். நூல் உள்ளே ஒளிந்திருக்கும், பொடி வாசலில் இருக்கும். “அந்தியில வர பூச்சிக்கு நாக்கு நீளம். ஒளிஞ்சிருக்கற பூவோட வாசல்ல ஒட்டின பொடிதான் எட்டிப் பாக்கற பூவோட வாசல்ல போய்ச் சேரும். ரெண்டும் பக்கத்துல இருக்கணும், ருக்மிணி. ஒரே மாதிரி கொடியா நட்டுட்டுக் காய்க்கலைன்னா, கொடி என்ன பண்ணும்?”

அதிலிருந்து அவர் எங்கள் மயிலாப்பூரில் ஒரு முல்லையை விட்டுவைக்கவில்லை. தெரிந்த வீடு, தெரியாத வீடு என்று பார்க்காமல் கொல்லைக்குள் நுழைவார். பின்னால் நான், மானம் போகிறதே என்று. எங்கே பார்த்தாலும் எட்டிப் பார்க்கிற பூதான். ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்கு என்று பதியன் போட்டுப் போட்டு ஊர் முழுக்க ஒரே கொடியாகிவிட்டது என்றார். குளத்தங்கரைப் பூக்காரி கன்னியம்மா ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டாள். “இன்னாம்மா நீ, அல்லாரும் பூவ மூந்து பாத்து வாங்குவாங்க. நீ உள்ள பூந்து பாத்துக்கினு கீறியே. அதுங்குள்ள இன்னா கீது?” அலமேலு டீச்சர் சிரித்துக்கொண்டே அவளுக்கும் பூவைக் கீறிக் காட்டினார். கன்னியம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, ராயப்பேட்டையில் அத்தர் வியாபாரி வீட்டில் ஒரு முல்லை உண்டு, அது நம்ம ஊர்க் கொடி இல்லை என்று சொன்னாள்.

மறுநாளே டிராம் ஏறினோம். அந்த வீட்டு அம்மாள் ரஹ்மத் பீவி எங்களை உள்முற்றத்துக்கு அழைத்துப் போனார். “எங்க மாமியார் வேலூர்லேர்ந்து கொண்டாந்த செடிம்மா. பூவு நெறைய வரும். காயின்னு ஒண்ணு நான் பாத்ததில்லை” என்றார். அலமேலு டீச்சர் ஒரு பூவைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்தார். பிளேடால் கீறி உள்ளே பார்த்தார். “ஒளிஞ்சிண்டிருக்கு” என்றார். “உங்க கொடிக்கு ஒரு குறையும் இல்லைம்மா. எங்க கொடிக்கும் இல்லை. ராயப்பேட்டைப் பூச்சி மயிலாப்பூருக்கு டிராம் ஏறி வருமா என்ன?” ரஹ்மத் பீவி முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார். நாங்கள் அங்கிருந்து ஒரு பதியன் எடுத்து வந்தோம். எங்கள் கொடியில் ஒன்று அவருக்குப் போயிற்று.

வந்த பதியனை எங்கள் கிணற்றடியில்தான் நட்டார். அது வேர்பிடித்துப் பூக்கும்வரை அந்த ஜாதகமும் அலமாரியை விட்டு நகரவில்லை. “யோசிச்சுச் சொல்றேன்” என்று என் கணவர் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். அந்த மழைக்காலம் முடிந்தபோது பழைய கொடியில், எங்கள் மலட்டுக் கொடியில், மிளகைவிடச் சற்றுப் பெரிதாகப் பச்சைக் காய்கள் தெரிந்தன. பிறகு கறுத்துப் பளபளத்தன. அலமேலு டீச்சர் அவற்றைத் தொடாமல் நெடுநேரம் நின்றார். அழுதாரா என்று எனக்குத் தெரியாது. என் பக்கம் திரும்பவே இல்லை.

ஆபீசிலிருந்து வந்த என் கணவர் என்ன கூட்டம் என்று கேட்டார். அலமேலு டீச்சர் வகுப்பில் சொல்வதுபோல எல்லாவற்றையும் சொன்னார். எட்டிப் பார்ப்பது, ஒளிந்திருப்பது, பூச்சி, பொடி. எங்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. என் கணவர் குனிந்து காயைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நேரே உள்ளே போய் அலமாரியிலிருந்து அந்த ஜாதகத்தை எடுத்துத் தம் அம்மாவிடம் நீட்டினார். “திருப்பி அனுப்பிடும்மா. குறை என்கிட்டேயும் இருக்கலாம் இல்லையா” என்றார். மாமியார் காதைப் பொத்திக்கொண்டார். ஆண்பிள்ளை வாயிலிருந்து அந்த வார்த்தை வந்து அவர் கேட்டதே இல்லை. நானும் கேட்டதில்லை. அதன் பிறகும் எங்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அந்த வீட்டில் நான் தலைகுனிந்து விளக்கேற்றியதில்லை.

சேதி கேட்டு மந்தைவெளிக்குப் போனபோது அலமேலு டீச்சரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். அவருடைய அத்தை ஒருத்தி தலைமாட்டில் உட்கார்ந்து, “ஒரு புழு பூச்சி இல்லாமப் போயிட்டாளே” என்று சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தார். அந்த அம்மாளின் துக்கம் பொய்யில்லை. இருந்தாலும் என்னால் அங்கே உட்கார முடியவில்லை. வாசலுக்கு வந்தேன். திரை கட்டிய ஜட்கா வண்டி ஒன்று நின்றிருந்தது. திரைக்குள்ளிருந்து என்னை யாரோ கூப்பிட்டார்கள். ரஹ்மத் பீவி.

“இப்பத்தாம்மா தெரிஞ்சுது. நாளைக்கு டீச்சரம்மாட்ட காட்டலாம்னு பறிச்சு வெச்சிருந்தேன்” என்று கையை நீட்டினார். உள்ளங்கையில் மூன்று கறுப்பு முல்லைக்காய்கள். “எங்க வீட்லயும் காய்ச்சிடுச்சு.” அவர் கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஜட்காவின் படியிலேயே உட்கார்ந்து அழுதேன்.

இரண்டை அலமேலு டீச்சரின் கையில் வைத்து அனுப்பினோம். மூன்றாவதை நட்டேன், முளைத்திருக்கிறது. காது வைத்த இலை வந்துவிட்டது, அதனால் முல்லைதான். எட்டிப் பார்ப்பதா ஒளிந்திருப்பதா என்று பூத்த பிறகுதான் தெரியும். எதுவானாலும் அதைத் தனியாக வைக்கமாட்டேன்.